மனையும் மட்டமும்

ஓர் ஊரின் வரலாற்றை அறிய விழைவோர் கல்வெட்டையும் செப்பேட்டையும் நாடுவர். நம் குடியிருப்புகளின் வரலாற்றை அறிய அத்துணைத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. ஐப்பசித் திங்களில் மூன்று நாள் அடைமழை பெய்து ஓய்ந்த பின்னர், ஊர்த்தெருவிலிருந்து காலனியை நோக்கி ஒருமுறை நடந்து பார்த்தால் போதும். ஊர்த்தெருவில் நீர் வடிந்து மண் ஈரமாக மட்டும் இருக்கும். காலனிக்குள் இறங்கியதும் முழங்கால் அளவு நீர் நிற்கும். காலனிக்கு ‘இறங்குகிறோம்’ என்றே நாம் எல்லாரும் பேசி வருகிறோம். அந்த ஒரு சொல்லில் பல நூற்றாண்டுகளின் நில அளவை அடங்கியிருக்கிறது.

இவ்வெள்ளி விழா மலரில் நம் தலைவர்களைப் பற்றியும் கழகம் கடந்து வந்த பாதையைப் பற்றியும் பெரியோர் பலர் எழுதுவர். நாமோ வீட்டு மனையின் மேடு பள்ளத்தைப் பற்றியும், அம்மனையில் தோண்டப்படும் கழிவுக்குழியைப் பற்றியும் எழுதத் துணிந்தோம். மங்கல விழாவில் மலக்குழிப் பேச்சா என்று முகஞ்சுளிப்போர் இருக்கலாம். அக்குழிகளில் இறங்கி மடிந்தவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்பதை எண்ணிப் பார்ப்பின் அம்முகச்சுளிப்பு நீங்கும்.

சேரி என்னும் சொல்

பண்டைத் தமிழில் ‘சேரி’ என்பது சேர்ந்து வாழும் இடம் என்ற அளவிலேயே பொருள்பட்டது. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு அவ்வூரின் 12 சேரிகளைக் குறிப்பிடுகிறது. அவை அந்தணர் வாழ்ந்த ஊரின் பகுதிகள். ஆகவே சொல்லில் இழிவு ஏதுமில்லை. இழிவு பின்னர் ஏற்றப்பட்டது.

முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருவுடையார் கோயிலுக்கு ஊர்களின் வருவாயை அளித்தபோது, எந்தெந்த நிலத்துக்கு வரியில்லை என்பதையும் கல்லில் வெட்டி வைத்தான். ஊர் நத்தம், கோயில், குளம், வாய்க்கால் ஆகியவற்றோடு பறைச்சேரியும் கம்மாணச்சேரியும் சுடுகாடும் அப்பட்டியலில் உள்ளன. சில ஊர்களில் தீண்டாச்சேரி என்ற பெயரே காணப்படுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஊர் நத்தம் வேறு, நம் சேரி வேறு எனப் பிரித்து எழுதப்பட்டுவிட்டது என்பதற்கு இதனினும் வலுவான சான்று வேண்டுவதில்லை.

பிரித்ததோடு நில்லாமல் தாழ்வான இடத்தில் வைத்ததன் காரணம் யாது? ஏரிப்பாசன ஊரின் அமைப்பை அறிந்தவர்க்கு இது எளிதில் விளங்கும். நன்செய் சூழ்ந்த ஊரில் இயற்கையான மேடு ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அம்மேட்டில் நத்தமும் கோயிலும் அமையும். எஞ்சியதெல்லாம் நீர் பாயும் வயல். வயலில் உழைப்பவன் வயலை ஒட்டியே கிடக்க வேண்டும் என்பது நிலவுடைமையாளரின் கணக்கு. எனவே வாய்க்கால் ஓரத்திலும், ஏரியின் கலங்கல் நீர் ஓடும் வழியிலும், கடைமடைப் பள்ளத்திலும் குடிசை போட்டுக்கொள்ளுமாறு நம் முன்னோர் விடப்பட்டனர்.

இதில் ஒரு கொடிய முரணும் உண்டு. மடையைத் திறந்து அடைத்து, கடைசி வயல் வரை நீரைக் கொண்டு சேர்த்த நீர்க்கட்டிகளாகப் பல ஊர்களில் இருந்தவர்கள் நம்மவரே. அரை விரல் மட்டம் ஏறினால் நீர் எப்பக்கம் திரும்பும் என்பதைக் கண்ணாலேயே அளந்து சொல்லக் கூடியவர்கள். கருவியில்லாத பொறியாளர்கள் என்றே அவர்களைச் சொல்லலாம். அடுத்தவன் வயலின் மட்டத்தை அறிந்த அவ்வறிவு தம் மனையின் மட்டத்தைத் தேர்ந்தெடுக்கப் பயன்படவில்லை. தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுக்கு இருந்ததில்லை.

பட்டாவும் பள்ளமும்

செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891ஆம் ஆண்டில் அரசுக்கு அளித்த அறிக்கை நம் இளைஞர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய ஆவணம். பஞ்சமி நிலம் என்று நாம் வழங்கும் நிலங்களுக்கு வித்திட்டது அதுவே என்பதைப் பலர் அறிவர். அவ்வறிக்கை விளைநிலத்தை மட்டும் பேசவில்லை, வீட்டு மனையையும் பேசிற்று என்பதை அறிந்தோர் சிலரே. குடிசை நின்ற மண் மிராசுதாரின் உடைமையாகக் கருதப்பட்டது. கூலி போதவில்லை என்று ஒருவன் வாய் திறந்தாலோ, தனக்கென ஒரு காணி நிலம் கேட்டு மனுச் செய்தாலோ, அவனை மனையிலிருந்து வெளியேற்றுவதாக அச்சுறுத்தினால் போதுமானதாக இருந்தது. இதனை அவ்வாட்சியர் எடுத்துரைத்தார். 1892இல் நிலம் ஒதுக்கும் ஆணை வெளிவந்தது. பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பின்னும் ஒடுக்கப்பட்டோருக்கன்றிப் பிறருக்கு விற்கக் கூடாது என்னும் நிபந்தனையோடு வந்த அந்நிலங்களின் கதி தனிக் கட்டுரைக்கு உரியது.

1919-20ஆம் ஆண்டுகளில் சென்னை மாகாண அரசு தொழிலாளர் துறையின் வாயிலாக நம் மக்களுக்கு மனை எடுத்துக் கொடுக்கும் பணியைத் தொடங்கிற்று. நெருக்கடி மிகுந்த சேரிகளுக்கு அருகே நிலம் கையகப்படுத்தி, அதன் விலையைத் தவணையாகத் திரும்பப் பெற்றனர். இலவசமாக வந்ததன்று, விலை கொடுத்து வாங்கியது. எம். சி. ராஜா அவர்களின் முயற்சியால் 1922இல் ‘ஆதிதிராவிடர்’ என்ற பெயர் அரசுப் பதிவேட்டில் ஏறிற்று. 1924இல் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தால் பொதுச் சாலையும் பொதுக் கிணறும் எவருக்கும் உரியவை என்று அரசு அறிவித்தது. கிணற்றைப் பற்றிய இச்செய்தியை நினைவில் வைக்குமாறு வேண்டுகிறோம். கட்டுரையின் பிற்பகுதியில் அதே கிணற்றுக்கு மீண்டும் வருவோம்.

நாடு விடுதலை பெற்ற பின்னும் மனைச் சிக்கல் தீரவில்லை. பிறர் நிலத்தில் குடியிருந்த உழவுத் தொழிலாளருக்கு அக்குடியிருப்பை உரிமையாக்கும் தமிழ்நாடு குடியிருப்புச் சட்டம் 1971இல்தான் வந்தது. 1974இல் தாட்கோ தோன்றியது. 1978இல் நம் நலத்திட்டங்களுக்கென நிலம் கையகப்படுத்த மாநிலச் சட்டம் இயற்றப்பட்டது. இச்சட்டங்களால் பல்லாயிரம் குடும்பங்கள் முதன்முறையாகத் தம் பெயரில் பட்டா என்னும் தாளைக் கண்டன. அந்நன்றியை மறுப்பதற்கில்லை.

ஆயினும் பட்டாவில் நான்கெல்லை எழுதப்பட்டிருக்கும்; பரப்பு எழுதப்பட்டிருக்கும்; உயரம் எழுதப்பட்டிராது. எந்த நிலத்தை விட்டுக்கொடுத்தால் இழப்புக் குறைவோ அந்த நிலமே கையகப்படுத்தக் கிடைக்கும் என்பது உலகியல். நெல் விளையாத உவர்ப்பள்ளம், மழைக்கு நீர் கட்டும் வயல், ஓடைப் படுகை என்பனவே பெரும்பாலும் நம் பங்காயின. 2015ஆம் ஆண்டு நவம்பரில் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப்போட்ட மழையின்போது எந்தெந்தத் தெருக்களில் நீர் வடியாமல் நின்றது என்பதைப் பார்த்தவர்க்கு நாம் கூறுவது புதிதன்று.

1981இல் எம் தந்தையாருக்கு 3 சென்ட் மனை கிடைத்தது. கடைமடை வயல். எம் அன்னையார் ஒரு கோடை முழுவதும் கூலி வேலை முடிந்து வந்து, ஏரியிலிருந்து கூடையில் மண் சுமந்து மனையை ஓர் அடி உயர்த்தினார். அவ்வளவு உழைப்பும் இரண்டு மழையில் அமுங்கிற்று. சுமந்தது வண்டல். வண்டல் பயிருக்கு அமுது, கட்டடத்துக்கு ஆகாது. நீர் குடித்துப் பருக்கும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். கிராவலோ சவுடோ கொண்டு, அரை அடிக்கு ஒரு படையாகப் பரப்பி, நீர் தெளித்துத் திமிசுக் கட்டையால் இடித்து, அதன் மேல் அடுத்த படையை இட்டிருக்க வேண்டும். இதனைச் சொல்ல அன்று எவரும் இல்லை. ஆசிரியப் பயிற்சி முடித்த பின்னரும் நமக்கே அது தெரியாது. பின்னாளில் ஒரு கொத்தனார் சொல்லித்தான் தெரிந்தது.

இன்னொன்றையும் இங்கே சொல்லி வைப்போம். ஒருவர் மனையை உயர்த்தினால் அவர் மனையில் நின்ற நீர் அடுத்தவர் வாசலுக்குப் போகும். அவரும் உயர்த்துவார். கடைசியில் மண் வாங்கப் பணமில்லாத கைம்பெண்ணின் வீடே தெருவின் குளமாகும். தெருவுக்குச் சிமெண்டுச் சாலை போடும்போது பழைய சாலையைப் பெயர்க்காமல் அதன் மேலேயே போடுகிறார்கள். மூன்று முறை போட்டால் சாலை உயர்ந்து, வீடு தானாகவே பள்ளத்தில் இறங்கிவிடுகிறது. வீட்டின் அடித்தளம் சுற்றுத் தரையைவிட 45 சென்டிமீட்டர், அதாவது ஒன்றரை அடியேனும் உயர்ந்திருக்க வேண்டும் என்பது கட்டட விதி. அந்த ஒன்றரை அடியை இன்றைய தரையிலிருந்து அளக்கக் கூடாது. சாலை நாளை அடையப் போகும் உயரத்திலிருந்து அளக்க வேண்டும். சுவரை ஒட்டிய பத்தடி நிலத்தில் அரை அடி வாட்டம் வெளிப்புறமாக இருத்தல் வேண்டும்.

தொட்டி செய்வது பாதி வேலை

பள்ளத்தில் வாழ்வதன் தீமை வாசலில் நீர் நிற்பதோடு முடிந்திருந்தால் இக்கட்டுரைக்கே தேவை இராது. வீட்டுக்கு வீடு கழிப்பறை வந்த பின்னர், அப்பள்ளம் புதியதொரு கேட்டைத் தோற்றுவித்துள்ளது.

செப்டிக் டேங்க் என்பது நம் நாட்டுக்கு அண்மையில் வந்த பொருள். பிரான்சு நாட்டின் வெசூல் என்ற ஊரினரான மூரா என்பவர் 1860ஆம் ஆண்டளவில் வீட்டுக் கழிவைக் காற்றுப் புகாத கட்டுத் தொட்டிக்குள் விட்டார். பல ஆண்டுகள் கழித்துத் திறந்து பார்த்தபோது, நிரம்பியிருக்க வேண்டிய தொட்டியில் திடப்பொருள் மிகச் சிறிதே இருந்தது. 1881இல் அதற்கு உரிமம் பெற்றார். 1895ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் எக்சீட்டர் நகரப் பொறியாளர் டொனால்டு கேமரான் இம்முறையைச் செம்மை செய்து, அழுகச் செய்தல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லால் ‘செப்டிக்’ என்று பெயரிட்டார்.

அதன் இயக்கம் எளிது. கனமானது அடியில் படியும். எண்ணெய்ப் பசையுள்ளது மேலே ஆடையாக மிதக்கும். காற்றில்லா நிலையில் வாழும் நுண்ணுயிர்கள் அடியில் படிந்ததை மெல்லத் தின்று குறைக்கும். இடைப்பட்ட நீர் வெளியேறும். அவ்வாறு வெளியேறும் நீர் தெளிவாகத் தோன்றினும் நோய்க்கிருமி நிறைந்ததே. அதைத் தூய்மை செய்வது தொட்டியன்று, மண். உறிஞ்சுகுழியின் வழியே மண்ணுக்குள் கசிந்து, ஈரமில்லாத மண்ணடுக்கில் இறங்கும்போதுதான் கிருமிகள் வடிகட்டப்பட்டு மடிகின்றன. தொட்டி செய்வது பாதி வேலை. மறுபாதியை மண் செய்ய வேண்டும்.

நீரில் ஊறிய பள்ளத்து மண் இம்மறுபாதியைச் செய்யாது. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் குழியின் வாய் வரை ஏறிவிடும். உறிஞ்ச வேண்டிய மண் முன்னரே நீர் குடித்து நிறைந்திருக்கும். கழிவுநீர் செல்ல வழியின்றித் தொட்டியிலேயே தேங்கிக் கழிப்பறைக் கோப்பையில் எதிர்த்து வரும். அல்லது மூடியின் இடுக்கில் பொங்கித் தெருநீரோடு கலக்கும். அத்தெருநீரில் நம் குழந்தைகள் பள்ளிக்கு நடந்து வருவர். வயிற்றுப்போக்கால் வருகைப் பதிவேட்டில் விழும் இடைவெளிகளைக் கார்த்திகைதோறும் நாம் எண்ணி வந்திருக்கிறோம்.

குழி நிரம்பியதும் வீட்டுக்காரர் என்ன செய்வார்? அள்ள ஆள் தேடுவார். ஆள் எங்கிருந்து வருவார் என்பதை நாம் எழுத வேண்டுவதில்லை.

நாம் முன்பு பணியாற்றிய ஊரில், ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்ட மாணவன் ஒருவன் இருந்தான். கணக்கில் கெட்டிக்காரன். இரண்டாண்டு கழித்து, ஒரு தங்கும் விடுதியின் தொட்டியைக் கழுவ அழைத்துச் செல்லப்பட்டான். முதலில் இறங்கியவன் மயங்கி விழ, அவனைத் தூக்க இவன் இறங்கினான். இருவரும் வெளிவரவில்லை. ஐந்நூறு ரூபாய்க்கு என்று பேசியிருந்தார்களாம். தொட்டிக்குள் சேரும் ஐதரசன் சல்பைடு என்னும் வாயு முதலில் அழுகிய முட்டை நாற்றம் வீசும்; அளவு மிகுந்தால் மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்யும். நாற்றம் போய்விட்டது, இனி அஞ்சுவதற்கில்லை என்று எண்ணும் அந்நொடியே சாவு. சகதியைக் கலக்கியதும் அடியில் அடைபட்டிருந்த வாயு மொத்தமாக மேலெழும். காப்பாற்ற இறங்குபவனும் மாள்வது இதனாலேயே. இவை நாம் பிற்பாடு படித்து அறிந்தவை. வகுப்பறையில் அவனுக்கு ஐதரசன் சல்பைடின் வாய்பாட்டைக் கற்பித்தோம். அது கொல்லும் என்பதைக் கற்பிக்கவில்லை.

கையால் மலம் அள்ளுவதையும் உலர் கழிப்பிடம் கட்டுவதையும் தடைசெய்த சட்டம் 1993இல் வந்தது. 2013ஆம் ஆண்டின் சட்டம் பாதுகாப்பின்றி மனிதரைச் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இறக்குவதையும் குற்றமாக்கியது. முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறையோ 2 இலட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ உண்டு. 2014 மார்ச் 27இல் உச்ச நீதிமன்றம், 1993 முதல் இவ்வாறு இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 இலட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அதனை 30 இலட்சமாக உயர்த்தியது. இறக்குபவர் நகராட்சியானாலும் நம் சொந்த மாமனாரானாலும் சட்டம் ஒன்றே. காலனிக்குள்ளேயே, ‘நம்ம பையன்தானே’ என்று சொல்லி இறக்கிவிடுவது நடக்கிறது; இதை மறைத்துப் பயனில்லை.

3 சென்டில் அடங்காத 59 அடி

இனிச் சற்றுக் கணக்குப் போடுவோம். கழிவுநீர்த் தொட்டிக்கான இந்தியத் தர நிர்ணய விதி, 5 பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒன்றரை மீட்டர் நீளமும் முக்கால் மீட்டர் அகலமும் ஒரு மீட்டர் நீராழமும் உள்ள தொட்டி போதும் என்கிறது. இரண்டாண்டுக்கு ஒருமுறை அதன் சகதியை எடுக்க வேண்டும். நம் ஊர்களிலோ, ஆழமாகத் தோண்டினால் ஆயுளுக்கும் நிரம்பாது என்று நம்பி, பத்தடி பன்னிரண்டடி தோண்டி உறையை இறக்கிவிடுகிறார்கள். பிரிசுவர் இல்லை, அடித்தளம் இல்லை, வெளிப்போக்குக் குழாய் இல்லை. அதற்குச் செப்டிக் டேங்க் என்று பெயர் மட்டும் இருக்கிறது. உண்மையில் அது நிலத்தடி நீரில் மலத்தை நேரே கலக்கும் கிணறு. ஆழம் கூடக் கூட நன்மை என்பது கிணற்றுக்குச் சரி, கழிவுக்குழிக்கு நேர்மாறு. குழியின் அடிக்கும் நிலத்தடி நீரின் உச்ச மட்டத்துக்கும் இடையே 2 மீட்டர் உலர்ந்த மண் இருப்பது நலம்.

உறிஞ்சுகுழி குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டரும், வீட்டிலிருந்து 6 மீட்டரும் தள்ளியிருக்க வேண்டும் என்றும் அதே விதி கூறுகிறது. 18 மீட்டர் என்பது 59 அடி. 3 சென்ட் மனை என்பது ஏறத்தாழ 1,306 சதுர அடி. 30 அடி அகலமும் 43 அடி நீளமும் இருக்கும். மனையின் முழு நீளமே 43 அடியாயின் 59 அடியை எங்கே வைப்பது? பின்மனைக்காரர் போட்ட ஆழ்துளைக் கிணறு நம் குழியிலிருந்து 10 அடியில் இருக்கிறது. இரட்டைமலையார் சட்டமன்றத்தில் வாதாடிப் பெற்றுத் தந்த கிணற்று உரிமையின் முன்னே, நம் கழிவை நாமே கொண்டு போய் நிறுத்தியிருக்கிறோம். குற்றம் நம்முடையதன்று, 3 சென்டினுடையது. ஆனால் நோய் நம்முடையது.

ஆகவே கழிவுக்குழியை வீட்டுக்கு வீடு தனித்தனியாகத் திட்டமிட்டால் பயனில்லை என்பதே நம் உறுதியான கருத்து. காலனி முழுவதையும் ஒரே மனையாகக் கருதித் திட்டமிட வேண்டும். மனை அளந்து கல் நடும் நாளிலேயே, குடிநீர்க் கிணறும் தண்ணீர்த் தொட்டியும் மேட்டுப் பக்கம், குழிகள் யாவும் தாழ்வுப் பக்கம் ஒரே வரிசை என்று முடிவு செய்துகொண்டால் 59 அடி தானாகக் கிடைத்துவிடும். குடிநீர்க் குழாயைச் சாக்கடைக்குள்ளோ குழியை ஒட்டியோ கொண்டு செல்லலாகாது. நீர் விடாத வேளையில் குழாயின் கசிவுத் துளை வெளிநீரை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

மண் நீரை உறிஞ்சுமா என்பதையும் தோண்டுவதற்கு முன்பே அறியலாம். 1926ஆம் ஆண்டளவில் நியூயார்க் மாநிலத்தில் ஹென்றி ரயான் என்ற பொறியாளர் வகுத்த சோதனை இன்றும் உலகெங்கும் வழக்கில் உள்ளது. உறிஞ்சுகுழி அமையும் ஆழத்துக்கு ஒரு சிறு குழி தோண்டி, அடியில் 2 அங்குலம் ஜல்லி இட்டு, நீர் ஊற்றி ஓர் இரவு முழுவதும் ஊறவிட வேண்டும். மறுநாள் மீண்டும் நீர் ஊற்றி, மட்டம் 2.5 சென்டிமீட்டர் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்க்க வேண்டும். 30 நிமிடத்துக்கு மேல் ஆனால் உறிஞ்சுகுழி பயன்படாது. நீண்ட ஆழமற்ற கசிவுப் பள்ளங்கள் வேண்டும். 60 நிமிடத்தையும் தாண்டினால் அந்த மண்ணை நம்பக் கூடாது. மேலே மண் கொட்டி மேடு எழுப்பியோ, ஜல்லி வடிகட்டி அமைத்தோதான் வழி காண வேண்டும். சித்திரை வெயிலில் வெடித்துக் கிடக்கும் களிமண்ணில் முன்னிரவு ஊறவிடாமல் சோதித்தால் நீர் சரசரவென்று இறங்கும். அதைப் பார்த்து மகிழ்ந்தவர்கள் பலர் கார்த்திகையில் வருந்தினர். கிணற்றில் நீர் மிக உயர்ந்து நிற்கும் மாதத்தில் அம்மட்டத்தைக் குறித்து வைப்பது எல்லாவற்றிலும் நம்பகமான சோதனை.

நிலத்தடி நீர் ஆழத்தில் உள்ள ஊர்களில், 1970இல் பீகாரில் பிந்தேசுவர் பாடக் தொடங்கிய சுலப் இயக்கத்தால் பரவிய இரட்டைக்குழிக் கழிப்பறை நமக்கு மிகப் பொருந்தும். ஒரு குழி நிறைந்ததும் கழிவை மறு குழிக்குத் திருப்பிவிட வேண்டும். மூடிய குழி இரண்டாண்டு கிடந்தால் உள்ளிருப்பது நாற்றமற்ற எருவாகிவிடும். பாதுகாப்பின்றி எவரும் இறங்க வேண்டிய தேவையே இல்லை. நேர்த்தியான மண்ணில், குழியின் அடிக்குக் கீழே 2 மீட்டர் உலர்ந்த மண் இருப்பின், இதனைக் கிணற்றிலிருந்து 3 மீட்டர் தள்ளியும் அமைக்கலாம். 3 சென்ட் மனைக்கு இது பெரும் ஆறுதல். ஆனால் இரு குழிகளையும் ஒரே நேரத்தில் நிரப்பிவிட்டால் முறை கெட்டது. 2014க்குப் பின் கட்டப்பட்ட பல கழிப்பறைகளில் அப்படித்தான் நேர்ந்தது.

தொட்டியே கட்டுவோருக்கு ஒரு சொல். தொட்டியின் மூடி கழிவுநீர் ஊர்தியின் குழாய் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். மூடியின் மேல் சமையலறை கட்டியவர்களை நாம் அறிவோம். ஊர்தி எட்டாத தொட்டிக்குத்தான் ஆள் தேடப்படுகிறான். உறிஞ்சியதை எங்கே கொட்டுகிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். செங்கற்பட்டு மாவட்டம் கருங்குழியில் 2017 முதல் இயங்கும் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் போன்றவை அருகில் இல்லாத ஊர்களில், இரவோடிரவாக அது கொட்டப்படும் ஓடையும் நம் காலனியை ஒட்டியதாகவே இருக்கும்.

மட்டக்குழாய்

நிலத்தின் மேடு பள்ளம் அறிய விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. கொத்தனார் வைத்திருக்கும் ஒளிபுகும் மட்டக்குழாய் போதும். ஐம்பது அடிக் குழாயில் குமிழியில்லாமல் நீர் நிரப்பி, இரு முனைகளையும் இரு கம்பங்களில் பிடித்தால், நீர் இரு பக்கமும் ஒரே மட்டத்தில் நிற்கும். அங்கிருந்து தரைவரை அளந்து இரண்டையும் கழித்தால் எது பள்ளம், எவ்வளவு பள்ளம் என்பது தெரிந்துவிடும். எட்டாம் வகுப்புக் கணக்கு.

சில ஆண்டுகளுக்கு முன் எம் ஊரில் புதிதாக மனைகள் அளந்து கொடுக்கப்படவிருந்தன. நம் மாணவராயிருந்த இளைஞர் நால்வர் அக்குழாயோடு இரண்டு ஞாயிற்றுக்கிழமை அந்நிலத்தில் நடந்து, இருபது இடங்களின் உயரத்தைக் குறித்துக் கோட்டுப்படம் வரைந்தனர். ஊர்ச்சாலையைவிடக் கீழ்க்கோடி 2 அடி 4 அங்குலம் பள்ளம் என்று தெரிந்தது. படத்தை இணைத்து மனுக் கொடுத்தோம். முதல் மனுவுக்கு விடையில்லை. இரண்டாம் மனுவோடு அதே படத்தை மீண்டும் இணைத்தோம். பார்க்க வந்த அலுவலர், இதை வரைந்த பொறியாளர் யார் என்று கேட்டார். நிலம் முழுவதும் உயர்த்தப்படவில்லை. அதற்கு நிதியில்லை என்றனர். ஆனால் கல் நடுவதற்கு முன்பே கீழ்க்கோடியில் வடிகால் வெட்டவும், குழிகளைக் கிழக்கு வரிசையில் வைக்கவும், கைக்குழாயை மேற்கே மாற்றவும் இசைந்தனர்.

சென்ற ஐப்பசி மழையில் அவ்வடிகால் ஓடுவதைக் காண எம் அன்னையாரை அழைத்துச் சென்றோம். எண்பதைக் கடந்தவர். குடையை எம்மிடம் கொடுத்துவிட்டு நெடுநேரம் நீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கே போகிறது என்று கேட்டார். ஓடைக்கு என்றோம். இன்னும் அரை அடி ஆழமாக வெட்டியிருக்கலாம் என்றார்.